‘தியாடா’ என்று எழுதிய தாள்

கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் ஒருநாள் மாலை, என் முன்னாள் மாணவன் ஒருவன் பழுப்பு நிற உறையொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டில் என்னிடம் பயின்றவன். எஸ்.பி.எம். முடித்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. தாயார் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். பிரிஞ்சாங்கில் ஒரு தங்கும் விடுதியில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான்; அடுத்த வாரம் நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். “ஒரு தடவை பார்த்துக் குடுங்க டீச்சர்” என்று உறையை நீட்டினான்.

உள்ளே இரண்டு தாள்கள். கணினிக் கடையில் ஐந்து ரிங்கிட் கொடுத்துத் தட்டச்சு செய்தவை. மலாய் மொழியில் அமைந்த தன்விவரக் குறிப்பு. பெயர், அடையாள அட்டை எண், முகவரி, தேர்வு முடிவுகள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ‘அனுபவம்’ என்ற தலைப்பின்கீழ் ஒரே சொல்: ‘தியாடா’. இல்லை என்று பொருள். ‘திறன்கள்’ என்பதன்கீழ் இரண்டு சொற்கள்: ‘ராஜின், ஜுஜூர்’. உழைப்பாளி, நேர்மையானவன்.

“இந்த ரெண்டு வருசமா என்னப்பா செய்தே?” என்று கேட்டேன்.

“ஒன்னும் இல்லே டீச்சர். சும்மாதான் வீட்ல இருந்தேன்.”

தேநீர் கொடுத்து உட்கார வைத்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவனாலும் உடனே கிளம்ப முடியாது. பேச்சுக் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தபிறகு, கொழுந்து லாரியோடு போய் மூட்டைகளை நிறுத்து எடையை எழுதிக் கொடுக்கும் வேலையை ஏறத்தாழ எட்டு மாதங்கள் செய்திருக்கிறான். அந்தக் கணக்கின்படிதான் ஒவ்வொருவருக்கும் கூலி. வார இறுதிகளில் கியா ஃபார்ம் சந்தையில், ஒரு சீன முதலாளியின் கடையில் ஸ்ட்ராபெர்ரியும் சோளமும் விற்றிருக்கிறான். பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோரிடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசி விற்று, மாலையில் கல்லாப் பணத்தை எண்ணி ஒப்படைத்திருக்கிறான். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானப் பொருள்களின் வரவு செலவை இரண்டு ஆண்டுகளாக அவனே எழுதியிருக்கிறான்.

“இதையெல்லாம் ஏன்பா எழுதலே?”

“இதெல்லாம் வேலையா டீச்சர்?”

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. எடையைச் சரியாகக் குறிப்பவன், பணத்தை ஒப்படைப்பவன், முன்பின் அறியாதவரிடம் மூன்று மொழிகளில் பேசுபவன்: ஒரு தங்கும் விடுதி வேறு யாரைத் தேடுகிறது? ஆனால் அந்த இளைஞன் தன்னைப் பற்றி எழுதிய ஒரே உண்மை, ‘இல்லை’ என்பது.

இவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்து நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். மூன்று அதிகாரிகள் அமர்ந்திருந்தனர். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று மலாயில் கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன், அப்பாவின் பெயரைச் சொன்னேன், தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். பிறகு நிறுத்திவிட்டேன். நடுவில் இருந்த அம்மையார் பேனாவைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். அந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வாண்டு எனக்கு இடம் கிடைக்கவில்லை.

மறு ஆண்டு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். “தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறாய் அல்லவா? எத்தனை பிள்ளைகள்? எத்தனை மாதமாக? அவர்களில் எழுத்தே தெரியாமல் வந்து இப்போது வாசிப்பவர் எத்தனை பேர்?” பதினோரு பிள்ளைகள், இரண்டு ஆண்டுகள், நான்கு பேர். ஆசிரியராக விரும்பிய நான், முதல் நேர்முகத்தில் இதைச் சொல்லவே இல்லை. யாரும் கேட்கவில்லை என்று நினைத்தேன். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதே அந்தக் கேள்வி என்பது எனக்குப் புரியவில்லை.

ஏன் புரியவில்லை? நம் வீடுகளில் அதற்குக் காரணம் உண்டு. கேமரன் மலையில் 1929-இல் ஜே. ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1930-களின் தொடக்கத்தில்தான் திறக்கப்பட்டது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களில் நம் முன்னோர் பெரும்பங்கினர். மலாயாவின் தோட்டங்கள் எங்கும் ஒரே ஒழுங்குதான்: விடியுமுன் பெரட்டு, அதற்குமேல் கங்காணி, அதற்குமேல் கிராணி, அதற்குமேல் துரை. குடியிருக்கும் வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். துரையின் முகம் கோணினால் வேலையோடு கூரையும் போய்விடும். ஆகவே, ‘பெரியவங்க முன்னால வாயைத் திறக்காதே’ என்று தாத்தா அப்பாவுக்குச் சொன்னார், அப்பா எனக்குச் சொன்னார். அதை அறியாமை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அது குடும்பத்தைக் காப்பாற்றிய அறிவு. ஆனால் அந்த அறிவு நேர்முகத் தேர்வு அறையில் தலைகீழாகிவிடுகிறது. அங்கே வாய் திறக்காதவனை அடக்கமானவன் என்று யாரும் எண்ணுவதில்லை. சொல்ல ஒன்றுமில்லாதவன் என்றே எண்ணுகிறார்கள்.

ஆசிரியராகிய என் பங்கும் இதில் உண்டு. ‘என்னைப் பற்றி’ என்ற கட்டுரையை எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்! ‘என் பெயர்... எனக்குப் பத்து வயது... என் பொழுதுபோக்கு புத்தகம் வாசித்தல்... நான் எதிர்காலத்தில் மருத்துவராக விரும்புகிறேன்.’ இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பொழுதுபோக்கு, ஒரே எதிர்காலம். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. ‘ராஜின், ஜுஜூர்’ என்ற அந்த இரண்டு சொற்களும் என் கரும்பலகையிலிருந்து நேராக இறங்கி வந்தவை என்றே எனக்குத் தோன்றியது.

அந்த வாரம் நான்கு மாலைகள் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் அந்த ‘தியாடா’வை அடித்தோம். அவ்விடத்தில் மூன்று வரிகள் எழுதினோம். எங்கே, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன பொறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ‘உழைப்பாளி’ என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். ‘எட்டு மாதங்கள் நாள்தோறும் கொழுந்து எடையைப் பதிவு செய்தேன்’ என்பதை அதைச் செய்தவன் மட்டுமே எழுத முடியும். இரண்டு தாள் ஒரு தாளாகச் சுருங்கியது. மதம், எடை, உயரம், பெற்றோரின் வருமானம் எல்லாவற்றையும் கணினிக் கடைக்காரர் பழைய படிவத்திலிருந்து சேர்த்திருந்தார், அவற்றை நீக்கினோம்.

உற்சாகம் பிறந்ததும் மறுகோடிக்குப் போய்விட்டான். ‘மாண்டரின் சரளமாகப் பேசுவேன்’ என்று சேர்க்கலாமா என்று கேட்டான். எங்கள் பக்கத்து வீட்டுச் சீன அம்மாளை அழைத்துப் பேசவைத்தேன். விலையும் எடையும் சொல்லத் தெரிந்தது. அதற்கு மேல் ஓடவில்லை. ‘வியாபாரத்துக்குத் தேவையான அளவு மாண்டரின் பேசுவேன்’ என்று எழுதச் சொன்னேன். தன்னைக் குறைத்துச் சொல்வதும் கூட்டிச் சொல்வதும் ஒரே பயத்தின் இரண்டு முகங்கள் என்பது என் எண்ணம். உள்ளதை அளந்து சொன்னால் அறைக்குள் எந்தக் கேள்விக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

மின்னஞ்சல் முகவரி ஒரு நடிகரின் பட்டப் பெயரில் இருந்தது. சிரித்துவிட்டேன். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. சொந்தப் பெயரில் புதியதொன்றைத் திறந்தோம். வாட்ஸ்அப்பில் இருந்த படத்தையும் மாற்றினான். அழைக்கும் முதலாளி முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆவணங்களைப் பற்றிப் பெற்றோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிறப்புப் பத்திரம், எஸ்.பி.எம். சான்றிதழ், பள்ளியிலிருந்து விலகும்போது கொடுக்கும் ‘சிஜில் பெர்ஹெந்தி செக்கோலா’ ஆகிய மூன்றும் மூலப்பிரதியாக இருக்க வேண்டும். பள்ளி விலகல் சான்றிதழில் பிள்ளையின் நடத்தை பற்றியும் புறப்பாட நடவடிக்கைகள் பற்றியும் எழுதியிருப்பார்கள். பலர் அதை ஒரு தாளாகவே மதிப்பதில்லை. இம்மலையின் ஈரத்தில், ஒழுகும் வரிசை வீட்டுப் பரண்களில், எத்தனையோ சான்றிதழ்கள் பூசணம் பிடித்து ஒட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நெகிழிக் கோப்பு இரண்டு மூன்று ரிங்கிட்தான். பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ சிக்கலில் இருக்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அதைப் பதினெட்டு வயதில் வேலை தேடும் வாரத்தில் கண்டுபிடிப்பதைவிட, முதலாம் ஆண்டில் பதியும்போதே தேசியப் பதிவிலாகாவுக்குக் கொண்டுபோவது நல்லது. இதைப் பள்ளி அலுவலகங்களும் கவனிக்க வேண்டும்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துவைத்துத் தேய்த்த சட்டை போதும். ஆனால் நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, நம் பிள்ளைகள் எப்போதும் குளிராடையோடு திரிபவர்கள். அதோடே ஈப்போவுக்கு இறங்கிப் போய், வியர்த்து நனைந்து உள்ளே நுழைவார்கள். கதவுக்கு வெளியே கழற்றி மடித்து வைத்துவிட வேண்டும். மற்றொன்று, தோட்டத்துச் சேறு. நல்ல காலணியைப் பையில் எடுத்துப் போய், அந்த இடத்தை அடைந்ததும் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபடுவதும் இங்கே புதிதல்ல. அப்படி நேர்ந்தால் உடனே தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். தாமதத்தைவிட, தாமதத்தைப் பற்றிய மௌனமே கெடுதல் செய்யும்.

மூன்றாம் மாலை பேசிப் பழகினோம். என் கணவர் முதலாளியாக உட்கார்ந்தார். பையன் தரையையே பார்த்தான். பெரியவரின் கண்ணைப் பார்ப்பது திமிர் என்று வளர்க்கப்பட்டவனை, ‘கண்ணைப் பார்’ என்று அதட்டினால் பார்வை வருமா? புருவத்தின் நடுவைப் பார்க்கச் சொன்னேன். அது ஓரளவு எளிதாக இருந்தது. ‘பாஸ்’ என்று அழைக்காமல் ‘துவான்’, ‘புவான்’, ‘என்சிக்’ என்று இடமறிந்து அழைக்கப் பழகினான்.

“எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய்?” என்று என் கணவர் கேட்டார்.

“எவ்வளவு கொடுத்தாலும் சரிங்க.”

இந்தப் பதிலைத்தான் நம் பிள்ளைகள் மரியாதை என்று நினைக்கிறார்கள். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக இருந்தது. 2022 மே மாதத்தில் 1,500 ஆனது. 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் இடங்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் அது பொருந்தும். இந்த எண் தெரிந்தவன், ‘எவ்வளவு கொடுத்தாலும்’ என்று சொல்லத் தேவையில்லை. ‘சட்டப்படியான சம்பளத்துக்குக் குறையாமல், என் அனுபவத்துக்கு ஏற்ப எதிர்பார்க்கிறேன்’ என்று பணிவாகவே சொல்லலாம். வேலை நேரத்தையும் கேட்கலாம். 2023 தொடக்கத்திலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது சட்டம். அதற்கு மேல் என்றால் மிகைநேரக் கூலி உண்டு.

மறுபுறம், வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவர் முதலாளியே அல்லர். வெளிநாட்டில் பெருஞ்சம்பளம் என்ற பேச்சை நம்பிக் கம்போடியாவுக்குப் போய், மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய மலேசிய இளைஞர்களின் செய்திகளை 2022-இல் நாம் எல்லாரும் படித்தோம். ‘நேர்முகத் தேர்வு வேண்டாம், நேரே விமானம் ஏறு’ என்று சொன்னால் வீட்டில் யாராவது ஒருவர் தடுக்க வேண்டும்.

அரசாங்க வேலை விரும்புவோர் பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அங்கே நேர்முகம் மலாயில்தான், எஸ்.பி.எம். மலாய் மொழியில் பெற்ற தேர்ச்சியைப் பார்ப்பார்கள். தனியார் வேலைக்கு, பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் இலவசமாகப் பதியலாம்.

நான்காம் மாலை அவனுடைய தாயார் வந்திருந்தார். திருத்திய தாளைப் பையன் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினான். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “இவ்ளோ வேலை செஞ்சானா டீச்சர்?” என்றார். எட்டு மாதம் அவர் எடுத்த கொழுந்தையும் சேர்த்து நிறுத்தவன் அவன்தான். “நீங்க எத்தனை வருசமா கொழுந்து எடுக்கிறீங்கம்மா?” என்று கேட்டேன். “அது கெடக்கு டீச்சர், நம்ம வேலை என்ன வேலை” என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். மகனின் தாளில் ‘தியாடா’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பது அப்போது எனக்கு இன்னும் தெளிவாயிற்று.

அந்த விடுதி அவனை எடுக்கவில்லை. மாண்டரின் நன்றாகப் பேசத் தெரிந்தவர் வேண்டும் என்றார்களாம். விளம்பரத்தில் அப்படி இல்லை. இம்மலையில் இது அடிக்கடி நடப்பதுதான்; எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருந்தது. ஆனால் அவன் சோர்ந்து வரவில்லை. “பேசினேன் டீச்சர். எடை கணக்கு பத்திக் கேட்டாங்க, நல்லா சொன்னேன். கடைசியில, ‘எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா’ன்னாங்க. அதுலதான் மாட்டிக்கிட்டேன்” என்றான். நாங்கள் பழகாமல் விட்ட கேள்வி அது. உட்கார்ந்து மூன்று கேள்விகளை எழுதினோம்: முதல் மாதம் என் வேலை என்னவாக இருக்கும், யார் எனக்குப் பழக்குவார், பயிற்சிக் காலம் எத்தனை மாதம்.

இப்போது என் நான்காம் ஆண்டு வகுப்பில் ‘என்னைப் பற்றி’ கட்டுரையைக் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டபின், வகுப்பறை மதிப்பீட்டில் இதற்குக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது. ‘சென்ற வாரம் உன் கையால் செய்த ஒரு வேலையைச் சொல்’ என்று கேட்கிறேன். எழுதுவதற்கு முன் எழுந்து நின்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் எல்லாரும் ‘ஒன்றுமில்லை’ என்றார்கள். மூன்றாம் வாரம் ஒரு சிறுமி எழுந்து, அம்மா வேலைக்குப் போனபின் தம்பியை எழுப்பி, குளிர்நீரோடு எத்தனை குவளை வெந்நீர் கலந்தால் அவன் அழாமல் குளிப்பான் என்று விளக்கினாள். நான்கு குவளை. வகுப்பு கைதட்டியது. நான் நடுவில் ஒரு சொல்லும் திருத்தவில்லை. வகுப்பில் சத்தம் கூடிவிட்டது என்று பக்கத்து வகுப்பு ஆசிரியை குறைபட்டுக்கொள்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

பெற்றோர்கள் வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. மருத்துவகத்துக்குப் போனால் பிள்ளையே தன் வயிற்றுவலியைத் தாதியிடம் சொல்லட்டும். நாம் குறுக்கே புகுந்து சொல்லாமல் நிற்பது கடினம்தான்.

பையன் இரண்டு மாதம் கழித்து ஈப்போவில் ஒரு பொருள் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். சரக்கின் எடையையும் எண்ணிக்கையையும் பதிவு செய்யும் வேலை. 1,800 ரிங்கிட் சம்பளம். எழுதி வைத்த மூன்று கேள்விகளில் இரண்டைக் கேட்டானாம், மூன்றாவது மறந்துவிட்டதாம். முதல் மாத இறுதியில் சம்பளச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி: “டீச்சர், 198 வெள்ளி எங்க போச்சு?”

ஊழியர் சேமநிதிக்கு நம் பங்கு 11 விழுக்காடு, அவன் சம்பள அளவில் முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. நான்கு மாலைகளில் அதை அவனுக்குச் சொல்ல மறந்திருந்தேன். அன்றிரவு தொலைபேசியில் அழைத்து விளக்கினேன். “அம்மாவுக்கும் இருக்குமா டீச்சர்?” என்று கேட்டான். இருக்கும், கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம் என்றேன். அடுத்த விடுமுறைக்கு வரும்போது அம்மாவின் அடையாள அட்டையோடு ஈப்போ அலுவலகத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.